பூ எடுக்கப் போன பொண்ணு

நான் ஒரு மனிதரைப் பழிவாங்கினேன். வழக்குப் போடவில்லை. ஆள் வைத்து அடிக்கவில்லை. மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடவும் இல்லை. அவர் மேலாளராக இருந்த நூற்பாலைக்கு, தொழிலாளர்களின் பாதுகாப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நிர்வாக முறையை உருவாக்கிக் கொடுத்தேன். அதை வைத்தே செய்தேன். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எனக்கு இல்லை. கல்லூரி முடித்த கையோடு, வேடசந்தூர் சாலையில் இருக்கும் அந்த ஆலையில் கார்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவி, நாரை நேராக்கி, கயிறு போல வெளியே தள்ளும் இடம். எல்லாம் பழைய இயந்திரங்கள். பக்கவாட்டில் பல்சக்கரங்கள் ஓடும் இடத்தை ஓர் இரும்பு மூடி மறைத்திருக்கும். கவர் என்போம். அந்தக் கவர் இருக்கும்வரை இயந்திரம் பசு. கவரைக் கழற்றினால் அது வேறு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாக் கவரையும் கழற்றி, உள்ளே பிசுக்குப் போகத் துடைத்து, பல்சக்கரத்துக்கே சந்தனமும் குங்குமமும் வைப்பது அந்த ஆலையின் வழக்கம். மூடிக்குப் பொட்டு வைத்தால் பூஜை மூடிக்குத்தான், இயந்திரத்துக்கு இல்லை என்பது அவர்கள் கணக்கு. பூஜை முடிந்ததும் நல்ல நேரத்துக்குள் முதலாளி தன் கையால் சுவிட்சைப் போட வேண்டும். கவரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மாட்டிவிட்டால் முதலாளி வீட்டம்மா பொட்டைப் பார்க்க முடியாது. ஆகவே சும்மா கொஞ்ச நேரம் திறந்தபடியே ஓட்டுவார்கள். அப்படி நல்ல நேரத்தில் ஓட ஆரம்பித்த இயந்திரத்தை உடனே நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் வருடம் முழுக்க நின்று நின்றுதான் ஓடும் என்று ஒரு நம்பிக்கை.

நான் சேர்ந்த முதல் வருடம், என் இயந்திரத்தின் மேல் சாத்தியிருந்த செவ்வந்தி மாலை அதிர்வில் சரிந்து, பல்சக்கரத்தின் பக்கம் தொங்கியது. மேலாளர்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்மா, பூவு உள்ள போகுது பாரு. எடு, எடு."

"நிறுத்தட்டுமா சார்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

"நல்ல நேரத்துல ஓடுற மெஷின நிறுத்துவியா? மொதலாளி நிக்கிறாரு தெரியல? கைய விட்டு எடு."

கையை விட்டேன். மாலை வந்தது. விரல்கள் வரவில்லை. பக்கத்து இயந்திரத்தில் இருந்த அக்கா ஓடிவந்து சுவிட்சை அணைத்து, தன் புதுப்புடவைத் தலைப்பை என் கையில் சுற்றினாள். இயந்திரத்தை நிறுத்திய அபசகுனம் அவள் கணக்கில் ஏறியது. பிற்பாடு அதற்கும் ஏச்சு வாங்கினாள்.

இதோடு போயிருந்தால் ஒருவேளை நானும் விதியே என்று இருந்திருப்பேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மேலாளர் வந்தார். ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். என்னிடம் பேசவில்லை. என் அப்பாவிடம் பேசினார்.

"புள்ள கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். பூ எடுக்கப் போயி கைய விட்டுருச்சு. ஓடுற மெஷினுக்குள்ள யாராச்சும் கைய விடுவாகளா?"

என் அப்பா எங்கள் ஊர் அகரத்தில் கத்திரியும் தக்காளியும் போடுகிறவர். சட்டை போட்ட யார் பேசினாலும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளும் ஆள். அன்றும் எடுத்துக்கொண்டார்.

"ஆமாங்க சார். அவ சின்னதுலேருந்தே அப்படித்தான். ஒண்ணுலயும் கவனம் பத்தாது."

மயக்க மருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வலியைக் கூட அவ்வளவு தெளிவாக நினைவில்லை. அப்பாவின் இந்தப் பதில் நினைவிருக்கிறது. நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அப்பா மேலாளரைப் பார்த்து, 'பிள்ளை உளறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்கிற மாதிரி ஒரு முகம் காட்டினார். அந்த முகத்துக்காகத்தான் நான் அந்த மேலாளரை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் என் பெயரே கவனக்குறைவு. அம்மா கொதிக்கிற ரசத்தை என் பக்கம் நகர்த்தமாட்டாள். தண்ணீர்க் குடம் தூக்கினால், "பாத்துடி" என்பாள். பெண் பார்க்க வந்தவர்கள் கை எப்படிப் போனது என்று கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன்னே, "அவ கவனமில்லாம மெஷினுக்குள்ள விட்டுட்டா" என்று அம்மாவே சொல்லிவிடுவாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அடுப்படியையும் பிள்ளையையும் இவள் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்ற கேள்வி டம்ளரோடு கீழே இருக்கும்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. யாருடைய கவனக்குறைவு என்பதை அந்த ஆள் தன் வாயால், ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். இழப்பீடு வந்தது, தையல் ஆறியது, இடது கையால் எழுதப் பழகினேன். அது மட்டும் ஆறவில்லை.

தொழிற்சாலைப் பாதுகாப்பில் ஒரு பட்டயம் படித்தேன். ஆலைகளுக்கும் தோல் பதனிடும் இடங்களுக்கும் பாதுகாப்பு முறைகளை அமைத்துத் தரும் சிறிய அலுவலகம் ஒன்று திண்டுக்கல் நாகல் நகரில் பாத்திரக்கடை மாடியில் இருந்தது. அங்கே சேர்ந்தேன். வேலையைக் கற்றுக்கொண்டேன். அந்த ஆலையிலிருந்து அழைப்பு வர வேண்டும் என்று சில வருடங்கள் காத்திருந்தேன். வந்தது. அவர்கள் நூலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, முறையான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத ஆலையிடம் இனி வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டதாம். எங்கள் அலுவலக அண்ணன் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்குத் தோதுப்படுமா? இல்ல, நான் வேற ஆள அனுப்பவா?"

"நானே போறேன்ணே" என்றேன். அன்று மதியம் தயிர்சாதம் அவ்வளவு ருசியாக இருந்தது.

மேலாளருக்கு முடி நரைத்திருந்தது, தொந்தி இறங்கியிருந்தது. அறைக்குள் போய் வணக்கம் சொன்னதும் என் கையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஏம்மா, நீ அந்தப் பூ எடுக்கப் போன பொண்ணுதானே?"

இவ்வளவு வருடம் கழித்தும் அவர் மனத்தில் நான் அதுதான். ஓடுகிற இயந்திரத்தில் ஆசைப்பட்டுப் பூ பறிக்கப் போனவள். ஆமாம் சார் என்று நானும் சிரித்துவைத்தேன்.

முதலில் சில்லறைப் பழிகளைத் தீர்த்துக்கொண்டேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆலை முழுக்க நடந்து எங்கெங்கே ஆபத்து என்று குறிப்பதுதான் முதல் வேலை. அதற்கு மேலாளரும் கூட வர வேண்டும் என்று விதி. பஞ்சுத் தூசியை உறிஞ்சும் குழாய்களைப் பார்க்கக் கூரைக்கு ஏணி வழியாக ஏற்றினேன். ஏறி இறங்கியதும், மேலே ஒன்றைப் பார்க்க மறந்துவிட்டேன் என்று சொல்லி மறுபடி ஏற்றினேன். மாஸ்க்கும் காதடைப்பானும் மாட்டச் சொல்லி, மாட்டியபின் வேண்டுமென்றே மெதுவாகப் பேசினேன். அவர் தன் பைக்கைத் தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் நிழலில் நிறுத்துவார். அதை வெயிலுக்கு மாற்றினேன். அவர் அறையின் பின்கதவை மறைத்து நின்ற பீரோவை எடுக்கவைத்தேன். அந்தக் கதவு வழியாக இப்போது மேற்கு வெயில் நேராக அவர் மேஜையில் விழுந்தது. ஆலைக்குப் பின்னால் கழிவுப் பஞ்சை எரிப்பதை நிறுத்தினேன். ஜெனரேட்டர் எண்ணெய் பக்கத்துத் தென்னந்தோப்பு வாய்க்காலில் கலப்பதை அவரையே குனிந்து பார்க்கவைத்தேன். எல்லாமே சரியான காரியங்கள். எல்லாவற்றையும் நான் கெட்ட எண்ணத்தோடு செய்தேன்.

ஆனால் இதெல்லாம் கொசுக்கடி. பெரிய காரியத்தைத் தொழிலாளர் குழுக் கூட்டத்தில் வைத்தேன். என் புண்ணில் புடவை சுற்றிய அக்காவும் அந்தக் குழுவில் இருந்தாள். நான் எழுதிய விதியை எல்லோருக்கும் புரியும்படி தமிழில் வாசித்தேன். கவர் கழற்றிய எந்த இயந்திரத்தின் சுவிட்சிலும் பூட்டு விழ வேண்டும். பூட்டைப் போட்டவர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. கவரைத் திரும்ப மாட்டிய பிறகே திறக்க வேண்டும். ஏற்கெனவே விபத்து நடந்த இயந்திரம் என்றால், ஒவ்வொரு ஆயுத பூஜையன்றும் அதை ஓட்டும் முன், ஆலையின் மேலாளர் அந்த விபத்தைத் தொழிலாளர்கள் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் என்ன உத்தரவு போட்டதால் நடந்தது என்பது உட்பட.

நடந்த விபத்திலிருந்து பாடம் கற்பது என்பது இந்தத் தொழிலில் பால பாடம். நான் அதில் கொஞ்சம் காரம் சேர்த்தேன்.

மேலாளர் கொட்டாவி விட்டார். "எழுதிக்கம்மா, எழுதிக்க. ஆடிட்டுக்கு வாரவன் ஃபைலோட தடிமனைத்தான் பாப்பான்."

"இது சொல்லணும் சார். எழுதிவச்சா மட்டும் பத்தாது."

"சொல்லலாம், சொல்லலாம். டீ வந்திருச்சான்னு பாரு."

கையெழுத்துப் போட்டார். கோப்பின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, ஆடிட் நல்லபடி முடிய வேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அந்த இடத்தை விட்டு அது நகரவே இல்லை. மஞ்சள் வைத்ததை யார் புரட்டுவார்கள்?

பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்கும்வரை அந்தப் பொறுப்பையும் நானே பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? நாகல் நகரிலேயே ஒரு பட்டறையில் சொல்லி, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராத பூட்டுகளாகச் செய்து, சிவப்புப் பெயின்ட் அடித்து வாங்கினேன். பிறகு ஆயுத பூஜை வந்தது.

முந்தின நாள் மாலை கார்டிங் பக்கம் போனேன். எதிர்பார்த்தது போலவே எல்லாக் கவரும் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்ந்திருந்தன. மேலாளர்தான் கழற்றச் சொன்னாராம். விதி இருக்கிறது என்று அவருக்கு அப்போதே நான் நினைவூட்டியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. என் பழைய இயந்திரத்தின் சுவிட்சுப் பெட்டியில் சிவப்புப் பூட்டைப் போட்டேன். மற்ற இயந்திரங்களுக்கும் போட்டேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வேணாம் புள்ள. பூஜை நாளும் அதுவுமா என்னத்துக்கு?"

"நீங்க பேசாம இருங்கக்கா. அன்னைக்கும் பேசாமத்தானே இருந்தீங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. மேலாளர் கையை விடச் சொன்னதை அவளும் கேட்டாள்தான், ஆனால் என்ன பேசியிருக்க முடியும், பேசினால் வேலை போயிருக்கும். தெரிந்துதான் சொன்னேன். அன்று என்னிடம் இரக்கம் கையிருப்பில் இல்லை.

மறுநாள் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அழைப்பு உண்டு. என் அப்பாவைச் சலவை வேட்டி கட்டவைத்துக் கூட்டிப்போனேன். அவருக்குக் காரணம் தெரியாது. பொரி, சுண்டல், சாம்பிராணிப் புகை, முதலாளி, அவர் வீட்டம்மா, பட்டுக்கரை வேட்டியில் மேலாளர். பூசணிக்காய் உடைத்து முடித்ததும், முதலாளி என் பழைய இயந்திரத்தின் முன்னால் வந்து கும்பிட்டு, சுவிட்சை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மேலாளர் எலக்ட்ரீசியனை முறைத்தார். எலக்ட்ரீசியன் சுவிட்சுப் பெட்டியைக் காட்டினார்.

"யாரு பூட்டினது?"

"நான்தான் சார்."

"தொற."

"கவர் மாட்டணும் சார். விதி."

முதலாளி நேரத்தைப் பார்த்தார். அவர் வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நல்ல நேரம் முடிந்தால் ராகு காலம். மேலாளர் கத்த, ஃபிட்டர்கள் ஓடிவந்து எல்லாக் கவரையும் தூக்கி மாட்ட ஆரம்பித்தார்கள். அவசரத்தில் ஒரு போல்ட்டு உருண்டு அடியில் போய்விட்டது. மேலாளரே பட்டுக்கரை வேட்டியோடு மண்டிபோட்டுத் தேடி எடுத்தார். நான் குனிந்து உதவவில்லை.

"மாட்டியாச்சு. இப்பத் தொற."

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். இது விபத்து நடந்த மெஷினு. நீங்க அதைச் சொல்லணும். நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது. அந்தப் பயத்தை நான் வருடக்கணக்காக மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். வரைந்ததை விட நன்றாகவே இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்த மெஷின்ல முன்ன ஒரு விபத்து நடந்துச்சு. எல்லாரும் கவனமா இருக்கணும். அம்புட்டுத்தான்."

"அன்னைக்குக் கவர் ஏன் இல்ல சார்?"

"கழட்டியிருந்துச்சு."

"தானாவா கழண்டுச்சு?"

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டாள். சாவியை நான் இடது கையில் பிடித்திருந்தேன். பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. முதலாளியே எனக்கு உதவிக்கு வந்தார். நியாயத்துக்காக இல்லை, நேரத்துக்காக.

"ஏய்யா, சொல்லித் தொலையேன். ராகு காலம் வந்துரும்."

மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கழட்டச் சொன்னது நான். மாலை சரிஞ்சுச்சு. நிறுத்தட்டுமான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. வேணாம்னேன். கைய விட்டு எடுன்னு சொன்னேன்."

"யாரோட கவனக்குறைவு சார்?"

கார்டிங் கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. அங்கே எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும்.

"என்னோடது" என்றார்.

பூட்டை அவசரப்படாமல் திறந்தேன், வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரலால். மற்றப் பூட்டுகளையும் திறந்துவிட்டேன். முதலாளி சுவிட்சைப் போட்டார். இயந்திரம் ஓடியது. நேரம் தப்பவில்லை என்ற நிம்மதியில் அவர் அடுத்த இயந்திரத்துக்கு நகர்ந்துவிட்டார். அந்தப் பொண்ணு யார், விரல் என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நன்றாகப் பசித்தது. பொரியும் சுண்டலும் இரண்டு பொட்டலம் வாங்கி, அங்கேயே நின்று தின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் பஸ் ஏறும்வரை இருந்தது. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். தாடிக்கொம்பு தாண்டும்போது வாயைத் திறந்தார்.

"இருந்தாலும் பெரிய மனுசன் ஆத்தா. அம்புட்டுப் பேரு முன்னாடி நிக்க வச்சுட்டியே. பாவம்."

 வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவிடம், "மேனேசரே சொல்லிட்டாரு. இவ மேல தப்பு இல்லையாம்" என்றார். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா சொன்னாரு?" என்று கேட்டாள். நான் அதையே இந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என் வாய்க்கு இல்லாத மரியாதை, பொய் சொன்ன அந்த வாய்க்கு இருந்தது. அன்று இரவு சோறும் வெஞ்சனமும் எனக்கு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா காட்டிய அந்த முகத்தை அவரால் இனிமேல் திருப்பி வாங்க முடியாது. ஆகவே மேலாளரையும் விடுவதாக இல்லை.

விதி வருடா வருடம் என்றுதானே எழுதியிருந்தேன். அடுத்த பூஜைக்கு முன்னால் போன் செய்தார். இந்த வருசமும் சொல்லணுமா என்று கேட்டார். சொல்லணும் சார் என்றேன். எனக்கு அங்கே வேலை முடிந்து, தனியாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார். இருந்தாலும் வருடம் தவறாமல் போய் முன்வரிசையில் நின்றேன். இரண்டாம் வருடம் அவர் கொஞ்சம் விழுங்கப் பார்த்தார். கார்டிங் பெண்கள் விடவில்லை. "சார், கைய விட்டு எடுன்னீகளே, அத விட்டுட்டீக" என்று அந்த அக்காவே எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கும் உள்ளே ஏதோ இருந்திருக்கிறது. ஆனால் வருடங்கள் போகப் போக மேலாளருக்குப் பழகிவிட்டது. அர்ச்சகர் மந்திரம் சொல்வது போல ஓட்டமாகச் சொல்லிவிட்டுச் சுண்டலுக்குக் கை நீட்டினார். கூச்சமும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஆயுதத்தை நானே மழுங்கடித்துவிட்டேன் என்று தோன்றியது.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். புது மேலாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவர். கார்டிங் பிரிவின் பொறுப்பு அதிகாரி வாசிக்கட்டும் என்று மாற்றினார். பழைய மேலாளர் சொல்லிவந்ததைத் தாளில் எழுதி, 'நான்' என்பது இருந்த இடத்தில் 'அப்போதைய மேலாளர்' என்று நானே திருத்திக் கொடுத்தேன்.

போன ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்பு, பழைய மேலாளர் நாகல் நகரில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். இளைத்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வாசகத்த எடுத்துரும்மா."

"ஏன் சார்?"

"என் மக அங்கதான் வேலைக்குச் சேந்திருக்கா. டெக்ஸ்டைல் படிச்சா. இப்ப கார்டிங்குக்கு அவதான் ஆபீசர். இந்த வருசம் அவதான் அத வாசிக்கணுமாம். நடந்தப்ப அவ சின்னப் புள்ள. வீட்டுல நான் சொன்னதில்ல. மில்லுல எல்லாத்துக்கும் தெரியும், அவ மூஞ்சிக்கு நேரா யாரும் பேசமாட்டாக. படிச்ச புள்ள, அப்போதைய மேலாளர்னா யாருன்னு அவளுக்குத் தெரியாமப் போகுமா? என்னைய எப்படிப் பாப்பா, நீயே சொல்லு."

"எங்கப்பா என்னையப் பாத்த மாதிரிதான் சார்."

 டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். கார்டிங்கில் நிற்கிற பெண் இதைக் கேட்டே ஆக வேண்டும், அவள் விரலுக்கு அது நல்லது என்று ஒரு காரணமும் எனக்கு இருந்தது. அதற்காகத்தான் மறுத்தேன் என்று எழுதினால் நான் நல்லவளாகிவிடுவேன். அதற்காக இல்லை. அவர் பெற்ற பிள்ளை அவரை அந்த முகத்தோடு பார்க்க வேண்டும் என்றுதான் மறுத்தேன். மறுத்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது.

பூஜையன்று வழக்கத்தை விட முன்னதாகவே போய் நின்றேன், அவள் முகம் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து. சின்ன உருவம், பருத்திப் புடவை, அப்பாவின் மூக்கு. பூட்டுச் சாவி அவள் கையில் இருந்தது. கவர்கள் எல்லாம் மாட்டியிருந்தன. முதலாளிக்கு வயதாகிவிட்டதால் அவர் மகன் வந்திருந்தார். அவள் தாளைப் பிரித்து வாசித்தாள். கவர் கழற்றப்பட்டிருந்தது. மாலை சரிந்தது. நிறுத்தட்டுமா என்று தொழிலாளி கேட்டார். எல்லாம் தெளிவான குரல், தடுமாற்றமே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவளுக்கு இன்னும் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். தாளைத் தாழ்த்திவிட்டுக் கார்டிங் பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"அப்போதைய மேலாளர், எங்கப்பா, கைய விட்டு எடுன்னு சொன்னார்" என்றாள். "கவனக்குறைவு அவருடையது."

குனிந்து கவரைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். பூட்டைத் திறந்து, சாவியை மடியில் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது, பெண்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். நான் மட்டும் நகராமல் நின்றேன். 'எங்கப்பா' என்பதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.